வாளியை இடப்பக்கமாகச் சுற்றும் மரபு

மக்கள் சாப்பாட்டுக் கடைகளில் வெறுமனே சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள் என்ற அதிர்ச்சியான உண்மை ஒருநாள் மேலிடத்துக்குத் தெரிய வந்தது. ஒரு மனிதன் வருகிறான், நாற்காலியை இழுக்கிறான், தின்கிறான், கை கழுவுகிறான், போகிறான். இதில் அனுபவம் எங்கே? மூதாதையர் எங்கே? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத காரணத்தால் உடனே ஒரு வாரியம் அமைத்தார்கள். உணவக உள்ளலங்கார மரபு வாரியம். அது போட்ட முதல் விதி எளிமையானது. இனிமேல் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் யார் காலடி வைத்தாலும், வைத்தவர் ஏதாவது ஒரு மரபுக்குள் முழுசாக மூழ்கிவிட வேண்டும். மூழ்கடிக்காத கடைக்குப் பூட்டு.

தெரு சீக்கிரமே திருந்தியது. முனையில் இருந்த டீக்கடை, பாலைவன நாடோடிகளின் கூடாரமாயிற்று. லாரி லாரியாக மணல் கொட்டினார்கள். டீயின் அடியில் தங்குவது சர்க்கரையா மணலா என்று தெரியாமல் குடிப்பதுதான் நாடோடி வாழ்வின் சாரம் என்று வாசலில் பலகை இருந்தது. பேக்கரி, குகை மனிதர் மரபை எடுத்துக்கொண்டது. குகைக்கு ஏது டியூப்லைட்? இருட்டில் பன் என்று நினைத்து ஒருவர் பக்கத்து மேசைக்காரரின் கையைக் கடித்துவிட்டார். கடித்தவரும் கடிபட்டவரும் இன்றுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஜூஸ் கடை கப்பலானது. தரையே ஆடும்படி அமைத்திருந்தார்கள். ஆரஞ்சு ஜூஸ் குடித்தவர்கள் குடித்த இடத்திலேயே அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதை வாரியம் "முழுமையான பங்கேற்பு" என்று பாராட்டி, கடை முதலாளிக்கு மாலை போட்டது.

மிச்சம் இருந்தது பஸ் டெப்போவுக்கு எதிரே, தகரக் கூரை போட்ட ஒரே ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்காரர் பரிமாறுவார், வீட்டம்மா சமைப்பார். டிரைவர்களும் பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸுகளும் கிடைக்கிற அரைமணி இடைவேளையில் ஓடிவந்து உட்காருவார்கள். சுடச்சுடச் சோறு, ஒரு காய், மேலே ஒரு பொரித்த முட்டை. அந்தக் கடைக்கு மரபு என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. கூரையில் ஒரு ஓட்டை இருந்தது, அவ்வளவுதான்.

"சான்றிதழ் கிடைக்கலேன்னா கடைய மூடிருவாங்களாம்" என்றார் கடைக்காரர், விதியைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்று.

"மூடினா?" என்றார் வீட்டம்மா.

"உங்க அக்கா வீட்டுக்காரர் கேன்டீன்ல ஆள் வேணும்னு சொல்லிக்கிட்டே இருக்காரு…"

வீட்டம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அந்த அக்கா புருஷன், கல்யாணமான புதிதிலிருந்தே, "பிழைக்கத் தெரியாத குடும்பம், எப்ப வேணாலும் வந்து வெங்காயம் உரிக்கட்டும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர்.

"அங்க போனா நான் அவரைத்தான் உரிப்பேன். பேசாம சான்றிதழ் வாங்குற வழியப் பாருங்க. அதுக்கு முன்னாடி அந்தக் கூரைய அடைங்க. சோத்துல தண்ணி விழுது."

மேஸ்திரிக்குச் சொல்லியனுப்பினார்கள். தாரும் தகரமும் தூக்கிக்கொண்டு அவர் வந்த அதே நாளில், நல்ல மழையில், வாரியத்தின் அனுபவ அலுவலரும் வந்து சேர்ந்தார். கழுத்தில் இரண்டு சுற்று துண்டு, கண்ணில் ஏற்கெனவே தயாராக இருக்கும் ஈரம். மரபு எங்கே தென்பட்டாலும் கசிந்துவிடும் கண்கள் அவை. அலுவலக நாற்காலியைப் பார்த்தே ஒருமுறை அழுதிருக்கிறார் என்று சொல்வார்கள்.

"இது என்ன மரபைச் சேர்ந்த கடைங்க?"

"சாப்பாட்டுக் கடைங்க."

"அது தெரியுது. இங்க வர்றவங்க எந்தக் காலத்துக்குள்ள போறாங்க?"

கடைக்காரர் யோசித்தார். "ஒரு மணிக்கு உள்ள வருவாங்க. ஒன்றரைக்கு வெளிய போவாங்க."

அலுவலர் வருத்தத்துடன் தலையாட்டினார். பூட்டுப் போட வேண்டியதுதான் என்று முகத்தில் எழுதியிருந்தது. அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார்.

கடையின் நடுவில் ஒரு நீல வாளி. அதற்கு நேர்மேலே கூரை ஓட்டை. சொட்டு, சொட்டு என்று தண்ணீர். ஒரு டிரைவர் சாப்பிட்டு எழுந்து, வாளிக்கு இடப்பக்கமாகச் சுற்றிப் போய்க் கை கழுவினார். அடுத்து ஒரு நர்ஸ், அதே இடப்பக்கம். போகிற போக்கில் அவர் காலால் வாளியை லேசாக ஒரு தட்டுத் தட்டி நகர்த்தினார். காற்று திசை மாறினால் சொட்டும் மாறும். பின்னால் வந்த கண்டக்டர் நிறைந்த வாளியைத் தூக்கி வாசலில் கொட்டிவிட்டு, பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனார். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

அலுவலரின் கண்ணில் இருந்த தயார் ஈரம் வழிய ஆரம்பித்தது.

"எல்லாரும் இடப்பக்கமா சுத்துறாங்களே… வலப்பக்கம் போகவே மாட்டாங்களா?"

"அங்க போனா அந்த உடைஞ்ச பெஞ்சு முழங்கால்ல இடிக்கும் சார்."

அலுவலர் தன் கருவியில் மெல்லிய குரலில் பதிவு செய்தார்: "வலப்பக்கம் விலக்கப்பட்டுள்ளது. மீறுவோர்க்கு உடல் துன்பம் நேரும் என்பது இவர்களின் நம்பிக்கை."

"நம்பிக்கை இல்ல சார், எனக்கே ரெண்டு தடவை…"

"காலால அந்தத் தொடுகை?"

"தண்ணி வெளிய சிந்தக் கூடாதுல்ல."

"வானத்திலிருந்து வருவது மண்ணைத் தொடும் முன் ஏந்தப்படுகிறது" என்றார் கருவியிடம். பிறகு கடைக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எத்தனை தலைமுறையா?"

"போன மழைக்கு இது இல்லீங்க."

"தோற்றம் நினைவுக்கு எட்டாதது."

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி ஏணியைச் சாய்த்து, தார் டப்பாவுடன் ஏற ஆரம்பித்தார். அலுவலர் போட்ட சத்தத்தில் ஒரு டிரைவருக்குப் புரையேறியது. ஓட்டையில் கை வைப்பது இந்த நிமிடத்திலிருந்து குற்றம் என்று மேஸ்திரிக்குத் தெரிவிக்கப்பட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் கதையாக, சும்மா ஒழுகிக்கொண்டிருந்த கூரைக்கு அன்றைக்குச் சட்டப் பாதுகாப்பு வந்து சேர்ந்தது.

"சான்றிதழ் கிடைச்சிரும் போலிருக்கு" என்று கடைக்காரர் சமையலறைக்குள் வந்து சொன்னார்.

"கூரை?"

"கூரையாலதான் கிடைக்குது."

வீட்டம்மா அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "என்னங்க, உங்களுக்குக் காய்ச்சலா?"

வாரியத்தின் வடிவமைப்புக் குழு வந்தது. ஒரே ஒரு ஓட்டையால் முழு அனுபவம் தர முடியாது என்பது அவர்களுடைய தொழில்முறைக் கருத்து. நடுவில் உட்காருபவர் மட்டும் மூழ்குகிறார். சுவரோரம் உட்காருபவர் வறண்டுபோகிறார், இது சமத்துவம் ஆகாது. ஆகவே கூரை முழுக்க, பழைய ஓட்டையின் பாணியிலேயே, புது ஓட்டைகள் போடத் தீர்மானமாயிற்று. அந்தப் பாணி அறிந்த ஒரே ஆள் மேஸ்திரி. அவரையே வேலைக்கு வைத்தார்கள்.

"எப்படிண்ணே மனசு வருது உங்களுக்கு?" என்று கேட்டார் கடைக்காரர்.

மேஸ்திரி கூரையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அடைக்கிற வேலைன்னா ரெண்டு மழை கழிச்சு திட்டு வாங்கணும். இது பாரு, திறக்கிற வேலை. ஒழுகலேன்னாதான் திட்டுவாங்க. இருபது வருஷ அனுபவத்துல நான் தொட்ட கூரை ஒழுகாம இருந்ததே இல்ல."

நீல வாளியைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, மேலே விளக்குப் போட்டார்கள். அதன் பெயர் இப்போது மூலவாளி. அது பிடித்துக்கொண்டிருந்த தண்ணீர் இனி தரையில் விழும். விழட்டும், தரைக்கும் ஒரு பங்கு வேண்டாமா என்றார்கள். உடைந்த பெஞ்சை ஆசாரியை வைத்துப் பழுது பார்த்து, பிறகு வேறொரு ஆசாரியை வைத்து உடைத்தார்கள். முதல் உடைசல் தற்செயலாக ஏற்பட்டதால் அதில் கலைநயம் போதவில்லையாம்.

சமையலறைதான் சிக்கலாகிவிட்டது. ஆய்வுக் குழு எவ்வளவு தேடியும் இந்த மரபில் சமையலுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அலுவலரின் பதிவில் சுற்றுதல் இருந்தது, தொடுகை இருந்தது, ஏந்துதல் இருந்தது. சாப்பிட்டதை அவர் பதியவே இல்லை. அது கவனத்தைச் சிதறடிக்கும் விஷயம். ஆகவே சமையலறைக்குக் குறுக்கே ஒரு பலகைத் தடுப்பு எழுப்பி, தட்டு நுழையும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் விட்டார்கள். வாரியத்தின் வரைபடத்தில் சமையலறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேகம் வரைந்திருந்தது.

"நான் எங்க நிக்கிறேன்?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டார் வீட்டம்மா.

"மேகத்துல" என்றார் கடைக்காரர்.

வாடிக்கையாளர்களுக்கும் பயிற்சி வைத்தார்கள். வாளியைச் சுற்றுவது எப்படி என்று பயிற்றுநர் ஒருவர் வந்து காட்டினார். முதல் அடியில் பணிவு, இரண்டாம் அடியில் வியப்பு, திரும்பும்போது ஒரு பெருமூச்சு. பிறகு தேர்வு. மழை தொடங்கிய நாளிலிருந்து தினமும் அந்த வாளியைச் சுற்றிக்கொண்டிருந்த டிரைவர் அதில் தோற்றுப்போனார்.

"என்னப்பா குறை?" என்றார் அவர் ஆத்திரத்துடன். "இடப்பக்கமாத்தானே போனேன்?"

"கை கழுவப் போற மாதிரி போறீங்க" என்றார் பயிற்றுநர்.

"கை கழுவத்தான்யா போறேன்!"

"அதான் தப்பு. உங்களால மரபே களங்கப்படுது. அடுத்த வாரம் திரும்ப எழுதுங்க."

வெள்ளோட்டம் நல்ல மழைநாளில் நடந்தது. எல்லா ஓட்டைகளும் எதிர்பார்ப்பையும் மீறி வேலை செய்தன. கை நனைக்க வந்தவர்கள் தலை, தோள், காலுறை என்று சகலமும் நனைத்துக்கொண்டார்கள். தட்டில் விழுந்த சோறு கண்முன்னே கஞ்சியானது. முட்டையின் மேல் பட்ட துளி வழுக்கிக்கொண்டு போய் நர்ஸின் மடியில் விழுந்தது. ஒருவர் குடையை விரித்ததும் அலுவலர் ஓடிவந்து மடக்கினார்.

"நனையாம சாப்பிடுறது முன்னோரை அவமதிக்கிற மாதிரிங்க."

"எங்க முன்னோர் குடை பிடிச்சாங்கய்யா!"

"அது வேற மரபு. அதுக்கு ரெண்டு தெரு தள்ளிப் போகணும்."

மறுநாள் முன்கூடத்தில் ஒருவர்கூட இல்லை. கடைக்காரர் காலியான பெஞ்சுகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தபோது, தலை ஏற்கெனவே ஈரமாக இருந்தது. இறுதியாகப் பார்வையிட வாரியத் தலைவரே வருகிறாராம். சான்றிதழ் கிடைத்தாலும் சாப்பிட ஆள் இல்லை. சான்றிதழ் கிடைக்காவிட்டால் கடையே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெங்காயம்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

தடுப்புக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தார். சமையலறைக்குள் டிரைவர்களும் நர்ஸுகளும் அடுப்பைச் சுற்றி, மூட்டைமேலும் பெட்டிமேலும் உட்கார்ந்து, உலர்ந்த சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்வாசல் வழியாக வந்திருக்கிறார்கள்.

"ஏய், இதெல்லாம் தெரிஞ்சா பூட்டுப் போட்ருவாங்க!" என்றார் கடைக்காரர்.

"எதைப் பூட்டுவாங்க?" என்றார் வீட்டம்மா, முட்டையைத் திருப்பியபடி. "மேகத்தையா?"

"சும்மா இருங்கண்ணே" என்றார் நர்ஸ், வாயில் சோற்றுடன். "பதினஞ்சு நிமிஷத்துல வார்டுக்குப் போகணும். நனைஞ்ச யூனிஃபார்மோட போனா பேஷன்ட் எங்களுக்குத் துடைச்சு விடுறாரு."

தலைவர் வரவேண்டிய நாளும் வந்தது. காலையிலேயே தெருவில் இறங்கிவிட்டார். தெருவின் எல்லா மரபிலும் ஒவ்வொன்றாக மூழ்கி எழுவது அவருடைய திட்டம். கூடாரத்தில் மண்ணைத் தின்றார். குகையில் எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் யாரோ அவர் விரலைப் பிடித்து மோந்து பார்த்தார்கள். கப்பலில், முந்தின நாள் சாப்பிட்டதையும் சேர்த்து இழந்தார். தகரக் கூரைக் கடை வாசலில் வந்து நின்றபோது ஆள் வெளிறிப்போயிருந்தார். அதை மரபுப் பரவசம் என்று அலுவலர் எல்லாருக்கும் விளக்கினார்.

தலைவர் பணிவு, வியப்பு, பெருமூச்சுடன் மூலவாளியைச் சுற்றினார். பெருமூச்சு மட்டும் உண்மையாக இருந்தது. பிறகு சொட்டும் கூரைக்குக் கீழே நின்று மைக்கில் பேசினார். பின்னால் ஒருவர் அவருக்குக் குடை பிடித்தார். தலைவர் மரபுக்குள் நிற்கவில்லை, மரபைப் பார்வையிடுகிறார் என்பதால் குடைக்கு விலக்கு உண்டு.

"நண்பர்களே! நான் சின்ன வயசுல சாதாரணக் கடையில சாப்பிட்டு வளர்ந்தவன். அங்க சாப்பாடு மட்டும்தான் குடுத்தாங்க. எவ்வளவு பெரிய அநியாயம்னு அப்ப எனக்குத் தெரியல, நானும் வயிறு நிறைஞ்சு எந்திரிச்சு வந்துட்டேன். இன்னிக்கு அந்த நிலை இல்ல. இன்னிக்கு இந்தத் தெருவுல யாரும் வயிறு நிறைஞ்சு போறதே இல்லைன்னு பெருமையோட சொல்லிக்கிறேன். மரபை மக்கள் கையில விட்டா, அவங்க பாட்டுக்கு வாழ்ந்து அதைக் கெடுத்துருவாங்க. அதனாலதான் நாங்க எடுத்துக்கிட்டோம். முதல் ஓட்டை நாங்க போட்டதில்ல, அந்தப் புகழ் நமக்கு வேண்டாம். ஆனா இனிமே விழப்போற ஒவ்வொரு ஓட்டைக்கும் வாரியமே முழுப் பொறுப்பு!"

அலுவலர் அழுதுகொண்டே கைதட்டினார். ஓட்டைகளைச் சரிபார்க்கக் கூரைமேல் ஏறியிருந்த மேஸ்திரியும் கைதட்டினார், அதில் ஒரு தகரம் ஆடியது.

அந்த நேரத்தில் தடுப்பின் சந்து வழியாக, எண்ணெயில் முட்டை விழும் சத்தம் கேட்டது. பின்னாலேயே வாசம் வந்தது. தலைவரின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பியது. மூக்கு போன வழியில் தலைவரும் போனார்.

"சார், அங்க ஒண்ணும் இல்ல சார், அது மேகம்" என்று அலுவலர் ஓடினார்.

தலைவர் பின்வாசலைச் சுற்றி உள்ளே நுழைந்துவிட்டார். அடுப்பைச் சுற்றி இருந்தவர்கள் அப்படியே உறைந்துபோனார்கள். ஒரு டிரைவர் முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார். கடைக்காரர் அலுவலரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். வரைபடத்தில் இல்லாத அறையில், மரபில் இல்லாத சோற்றை, தேர்வில் தோற்ற டிரைவர் உலர்ந்த சட்டையுடன் தின்றுகொண்டிருக்கிறார். போயிற்று. கடை போயிற்று.

தலைவர் எல்லார் தட்டையும் ஒருமுறை பார்த்தார்.

"ஏம்மா," என்றார், மைக்கில் வந்த குரலில் பாதிகூட இல்லாமல், "இதுல… கொஞ்சம் கிடைக்குமா?"

வீட்டம்மா ஒரு மூட்டையைக் காலால் நகர்த்திப் போட்டார். "உக்காருங்க. தட்டைப் பிடிங்க."

தலைவர் சாப்பிட்டார். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. சோறு பாதி தீர்ந்திருந்தது. முட்டையைக் கடைசிக்கு என்று ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார், விவரம் தெரிந்த மனிதர். அந்த முட்டைக்கு நேர்மேலே, மேஸ்திரி போட்ட புது ஓட்டைகளின் தண்ணீர் தகரத்தின் அடியோடு நகர்ந்து, தடுப்பைத் தாண்டி, ஒரு துளியாகத் திரண்டது.

சொட்.

மஞ்சள் கருவின் நடுமையத்தில் விழுந்தது.

தலைவர் தட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். இன்னொன்று விழுந்தது.

அலுவலர் கண்களில் ஈரம் பொங்க முன்னால் வந்தார். "சார்! வானத்திலிருந்து வருவது மண்ணைத் தொடும் முன்…"

"வாய மூடுய்யா!" என்றார் தலைவர். "யாருய்யா மேல? இதை அடைக்கச் சொல்லு!"

பிறகு வீட்டம்மா இன்னொரு முட்டையை உடைத்துச் சட்டியில் விட்டார். அது ஓரமெல்லாம் முறுகி வரும்வரை காத்திருந்தார். கரண்டியில் எடுத்து, தலைவரின் தட்டுக்கு ஒரு சாண் மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இங்க மட்டும் அடைச்சா நிக்காதுங்க. முன்னாடி ஒழுகுற தண்ணிதான் இங்க வருது. எல்லாத்தையும் அடைக்கணும்."

தலைவர் திடுக்கிட்டார். "அது மரபும்மா."

"இது முட்டைங்க."

தலைவர் மரபை நினைத்துப் பார்த்தார். அவருடைய முகத்தில் நூற்றாண்டுகள் ஓடின. பிறகு முட்டையைப் பார்த்தார். அதிலிருந்து மெல்ல ஆவி எழுந்துகொண்டிருந்தது. தட்டை உயர்த்தினார்.

"போடும்மா."

"சார், அப்ப சான்றிதழ்?" என்று அலுவலர் திக்கினார். "ஒழுகலேன்னா என்ன மரபுன்னு சார் போடுறது?"

"உலர் வடிவம்னு போடு" என்றார் தலைவர், வாய் நிறைய. "அரிதானதுன்னும் சேர்த்துக்கோ."

கூரையிலிருந்து மேஸ்திரி கத்தினார். "எல்லா ஓட்டையையுமா?"

"எல்லாத்தையும்!" என்று கீழேயிருந்து டிரைவர்கள், நர்ஸுகள், கடைக்காரர் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். மேலே தார் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.

அலுவலர் மட்டும் நடுவில் நின்றிருந்தார். காலையிலிருந்து அவரும் தலைவருடன் கூடாரம், குகை, கப்பல் எல்லாம் ஏறி இறங்கியவர்தான். வீட்டம்மா கையில் ஒரு தட்டுடன் அவரைப் பார்த்தார்.

"உங்களுக்கு?"

அவர் கூரையைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். கழுத்திலிருந்த துண்டை மெதுவாகக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டு, டிரைவருக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தார்.

"எனக்கு மஞ்சக்கரு வேகாம" என்றார்.